கோலாட்ட ஜோடி

ரப்பர் பாலை எடை போட்டு முடித்து ஆட்கள் வீடு திரும்பும் நேரம். முள்வேலி வாசலில் வரிசை நீண்டுகொண்டிருந்தது. மூங்கில் தோட்டத்து மண்டோர் மருதமுத்து எப்போதும் போல வரிசைக்கு முன்னால் போய் நின்றார். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் அவருடைய அடையாளக் கார்டைக் கையில் வாங்காமலேயே தலையை அசைத்து உள்ளே விட்டார். பின்னால் நின்றவர்கள் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் ஆட்களைப் பிரித்து வேலைக்காட்டுக்கு அனுப்புகிறவர் அவர்தான். துரையிடம் நேராகப் பேசக்கூடியவர். மாரியம்மன் கோயில் கமிட்டிக்கும் அவரே தலைவர்.

ஆனால் அத்தனை மரியாதையும் அவருடைய வீட்டு வாசற்படி வரைக்கும்தான் வந்தது. உள்ளே கதவுக்குப் பின்னால், சுவரோடு சுவராக ஒண்டிக்கொண்டு அவருடைய மகள் கோமளா உட்கார்ந்திருந்தாள். பதினோரு வயதுப் பெண். அவர் செருப்பைக் கழற்றிப் போட்ட சத்தத்துக்கே அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“சாப்பிட்டாளா?” என்று மனைவி மீனம்மாவிடம் கேட்டார்.

மீனம்மா உதட்டைப் பிதுக்கினாள். தட்டில் சோறு காய்ந்து கிடந்தது.

அது மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தின் நான்காம் வருடம். அலோர் காஜாவிலிருந்து உள்ளே போகும் செம்மண் சடக்கின் கடைசியில் இருந்தது மூங்கில் தோட்டம். அதற்கு அப்பால் காடு. காட்டுக்குள் கம்யூனிஸ்டுத் துப்பாக்கிக்காரர்கள் இருந்தார்கள், அவர்களைத் தேடும் பட்டாளமும் இருந்தது. நடுவில் கித்தா என்னும் ரப்பர் மரத்தைச் சீவிப் பிழைக்கிற சனங்கள் இருந்தார்கள். முந்தைய வருடம் ஒரு ராத்திரி காட்டுக்காரர்கள் வந்து ரப்பர்த் தகடு உலர்த்தும் தோட்டத்துப் புகைவீட்டைக் கொளுத்தினார்கள். இரண்டு பக்கமும் சுட்டுக்கொண்டதில் ஒரு குண்டு மருதமுத்து வீட்டுப் பலகைச் சுவரைத் துளைத்துக்கொண்டு கோமளாவின் தலைமாட்டுக்கு மேலே போனது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் பழைய கோமளாவாக இல்லை. பள்ளிக்கூடம் நின்றது. விளையாட்டு நின்றது. காக்கிச் சட்டையைக் கண்டால் உடம்பு வெடவெடவென்று ஆடும். பேச்சு ஒன்றிரண்டு சொல்லாகச் சுருங்கிவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் டானிக் கொடுத்துப் பார்த்தார். பூசாரி கயிறு மந்திரித்துக் கட்டினார். எதிலும் பலன் இல்லை.

அந்தத் தீவைப்புக்குப் பிறகுதான் அரசாங்கம் வேலி போட்டது. காட்டோரத்தில் தனி டிவிஷனாக இருந்த குடும்பங்களையும் லோரியில் ஏற்றிக்கொண்டுவந்து அதே வேலிக்குள் குடிவைத்தார்கள். கோயிலை ஒட்டிய பழைய வீடுகளுக்கு மேல் லயம் என்று பெயர். புதிதாக வந்தவர்களுக்குச் சாக்கடைப் பக்கம் அத்தாப்பு ஓலைக் கூரை போட்டுக் கொடுத்தார்கள். அது கீழ் லயம். அவர்கள் எந்த வகை ஆட்கள் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கீழ் லயம் என்று சொன்னாலே போதும், புரிந்துவிடும். குழாயடியில் கூட மேல் லயத்துக் குடங்கள் நிரம்பிய பிறகுதான் கீழ் லயத்துக் குடங்கள் நகர்ந்து வரும். அது சரிதான் என்று மருதமுத்து நினைத்தார். அவருடைய அப்பாவும் அப்படித்தான் நினைத்தார்.

வேலிக்குள் பிள்ளைகளுக்குப் போக்கிடம் இல்லாமல் போயிற்று. ஆற்றுக்குப் போகக் கூடாது, மரக்காட்டுக்குள் நுழையக் கூடாது. மதியம் பள்ளிக்கூடம் விட்டால் லயத்துச் சந்துகளில் அடைந்து கிடக்க வேண்டியதுதான். சின்னப் பிள்ளைகள் ஒருவரையொருவர் கடித்துக்கொண்டார்கள். மீசை அரும்பிய பையன்கள் ஸ்டோருக்குப் பின்னால் சீட்டு விளையாடினார்கள். குழாயடியில் மேல் லயத்துப் பையன்களுக்கும் கீழ் லயத்துப் பையன்களுக்கும் அடிதடி வராத வாரமே கிடையாது.

இந்த நிலையில்தான் டிரசருக்குக் கல்யாணமாகி, அவர் மனைவி கமலவேணி தோட்டத்துக்கு வந்தாள். மலாக்கா டவுனில் மளிகைக் கடை வைத்திருந்தவர் வீட்டுப் பெண். இருபத்திரண்டு வயதிருக்கும். ஜப்பான்காரன் காலத்தில் அவள் குடும்பம் டவுனை விட்டு ஓடி, தஞ்சோங் கிளிங்கில் கடலோரக் குடிசை ஒன்றில் பதுங்கியிருந்ததாம். ஆகாயத்தில் விமானம் பறக்கிற நாளெல்லாம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை ஒன்றாகக் கூட்டி அவள் அத்தை கும்மியும் கோலாட்டமும் சொல்லிக்கொடுத்தாளாம். கையும் காலும் தாளத்தில் இருக்கும்போது பயம் உள்ளே வர வழி கிடைக்காது என்று கமலவேணி அப்போதே தெரிந்துகொண்டாள். தோட்டத்துப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு அந்த நாட்கள் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

வேலைக்குப் போகிறவர்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை மதியத்துக்கு மேல் காலியாக இருக்கும். அங்கே கோலாட்டம் சொல்லித்தரப் போவதாக அவளே வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். காசு வேண்டாம், நல்ல பாவாடை சட்டை வேண்டாம், பெண் என்றாலும் பையன் என்றாலும் வரலாம் என்றாள். குச்சி வெட்டித் தருவதாகவும் சொன்னாள்.

மீனம்மா அன்று இரவு இதைக் கணவரிடம் சொன்னபோது, வயசுக்கு வரப்போகிற பெண்ணை ஆடவிடுவதா என்று அவர் முதலில் முகத்தைச் சுளித்தார். டிரசர் வீட்டம்மாவே நடத்துவது, மரியாதையான இடம் என்று மீனம்மா மெதுவாக எடுத்துச் சொன்னாள். மற்ற வைத்தியமெல்லாம் பார்த்தாகிவிட்டது, இதையும் பார்த்துவிடலாமே என்றாள். கடைசியில் அவர் சரி என்றார்.

முதல் நாள் மீனம்மா மகளை இடுப்போடு அணைத்துக்கொண்டுதான் கொண்டுபோனாள். கோமளா கொட்டகைத் தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். கமலவேணி அவளை எழுந்து வா என்று கூப்பிடவில்லை. இரண்டு குச்சிகளை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு மற்றப் பிள்ளைகளிடம் போய்விட்டாள். அடுத்தடுத்த நாட்களிலும் அப்படியேதான் நடந்தது. பிறகு ஒரு மதியம் கோமளா தானாகவே குச்சிகளை எடுத்துத் தரையில் தட்டினாள். அதற்கப்புறம் எழுந்து நின்றாள். ஒரு நாள் வட்டத்துக்குள் போய்விட்டாள்.

மருதமுத்து இதையெல்லாம் நேரில் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் அவருக்கு ஸ்டோரில் வேலை இருக்கும். ஆனால் வீட்டில் வித்தியாசம் தெரிந்தது. கோமளா பசிக்கிறது என்று கேட்டுச் சாப்பிட்டாள். ராத்திரி அலறி எழுவது குறைந்தது. குழம்பு கிண்டும்போது அகப்பையால் சட்டியில் தாளம் போட்டாள். ஒரு நாள் விடியுமுன்பே தானாகவே தலைவாரிப் பின்னிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி நின்றாள். மருதமுத்து பெரட்டுக்குப் போகிற வழியில் இருட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பையன்களைப் பற்றியும் பேச்சு வந்தது. கீழ் லயத்து மாயாண்டியின் மகன் சின்னத்தம்பிக்குப் பதினேழு வயது. ஸ்டோருக்குப் பின்னால் நடந்த சீட்டாட்டத்துக்கெல்லாம் அவன்தான் தலைவன். கேலி செய்ய வந்தவன் கையில் கமலவேணி ஒரு காலி மண்ணெண்ணெய் டின்னைக் கொடுத்துத் தாளம் போடச் சொன்னாளாம். இப்போது அவன் வராவிட்டால் ஆட்டம் தொடங்குவதே இல்லை என்றார்கள். அவன் கூட்டாளிகளும் ஒவ்வொருவராகக் குச்சி பிடித்தார்கள். இளம்பிள்ளைவாதத்தில் கால் சூம்பிப்போன குஞ்சம்மா என்ற சிறுமிக்காக வட்டத்தில் ஒரு பெஞ்சு போட்டு, அவள் உட்கார்ந்தபடியே அடிக்க, ஜோடி மாறுகிற பிள்ளைகள் அவளிடம் வந்து அடித்துவிட்டுப் போகும்படி ஆட்டத்தையே மாற்றியிருந்தாள் கமலவேணி. குழாயடிச் சண்டையும் வெகுவாக ஓய்ந்திருந்தது.

ஒரு நாள் விடியற்காலை பிடித்த மழை விடவே இல்லை. மரம் நனைந்துவிட்டதால் வேலை இல்லை. மதியம் வெயில் எட்டிப் பார்த்ததும் மருதமுத்து மகள் ஆடுவதைப் பார்க்க ஆசையோடு ஆயாக் கொட்டகைப் பக்கம் போனார்.

கோமளா சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை அவர் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவளுக்கு எதிரே நின்று ஆடிய ஒல்லிப் பெண்ணும் சிரித்தாள். குனிந்து ஒரு அடி, நிமிர்ந்து ஒரு அடி, பிறகு திரும்பி முதுகுக்குப் பின்னால் ஒரு அடி. பார்க்காமலேயே ஒருத்தியின் குச்சி இன்னொருத்தியின் குச்சியைத் தொட்டது.

“அந்தப் பிள்ளை யாரு?” என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டார்.

மாயாண்டியின் மகள் சாந்தி என்றார் அவர். சின்னத்தம்பியின் தங்கை.

மருதமுத்துவின் முகம் மாறிவிட்டது. வட்டத்துக்குள் நுழைந்து மகளின் கையைப் பிடித்து இழுத்தார். குச்சிகள் கீழே விழுந்தன. டின் சத்தம் நின்றது. கமலவேணி ஓடி வந்தாள்.

எல்லோர் முன்னாலும் சத்தம் போட வேண்டாம் என்று அவளைத் தனியாக அழைத்துப் பேசினார். ஆட்டம் வேண்டாம் என்று தான் சொல்லவில்லை, மேல் லயத்துக்கு ஒரு வட்டம், கீழ் லயத்துக்கு ஒரு வட்டம் என்று பிரித்து வைத்தால் போதும் என்றார். கமிட்டியும் அதைத்தான் விரும்பும் என்றார்.

கமலவேணிக்கு வயது குறைவு. தோட்டத்துக்குப் புதியவள். ஆனாலும் அவள் குரல் நடுங்கவில்லை.

“அண்ணே, நான் காசு கேக்கல. நல்ல துணி கேக்கல. கால் நல்லா இருக்கான்னு கூட கேக்கல. யார் வேணும்னாலும் வரலாம்னுதான் கூப்பிட்டேன். இப்ப போயி நீ எந்த லயம்னு கேட்டா, அந்தப் பிள்ளைங்க மூஞ்சிய நான் எப்படிப் பாக்கறது?”

“அப்ப எம்மவ வரமாட்டா, டிரசரம்மா.”

“அவ இப்பத்தான் எழுந்து நிக்கிறா. யோசிச்சுச் செய்யுங்கண்ணே.”

மருதமுத்து யோசிக்கவில்லை. மகளை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மண்டோரே பிள்ளையை நிறுத்திவிட்டார் என்றதும் மேல் லயத்தில் மற்றவர்களும் நிறுத்தினார்கள். ஆயாக் கொட்டகையில் கீழ் லயத்துப் பிள்ளைகளும் குஞ்சம்மாவும் மட்டும் மிஞ்சினார்கள். பாதி வட்டத்தை வைத்துக்கொண்டு கமலவேணி தினமும் தாளம் போட்டாள்.

கோமளா அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. திரும்பக் கதவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். அவ்வளவுதான். தட்டில் சோறு மறுபடி காய்ந்தது. ராத்திரி அலறல் மறுபடி வந்தது. பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டால் தலையை மட்டும் ஆட்டினாள். குழாயடியில் பழையபடி சண்டை மூண்டு, மேல் லயத்துப் பையன் ஒருவனுக்கு மண்டை உடைந்தது. மீனம்மா கணவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதை விட்டுவிட்டாள். மருதமுத்துவுக்கும் எல்லாம் தெரிந்துதான் இருந்தது. ஆனால் எல்லோருக்கும் தெரிய இழுத்துக்கொண்டு வந்த பிள்ளையை எந்த முகத்தோடு திரும்ப அனுப்புவது? நாளாக ஆகச் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அப்படியிருக்கும்போது ஒரு காலை, செம்மண் சடக்கு வளைவில் தோட்டத்து லோரியைக் காட்டுக்காரர்கள் மறித்துச் சுட்டார்கள். காவலுக்கு உட்கார்ந்து வந்த மலாய்ப் போலீஸ்காரர் ஒருவர் இறந்துபோனார். தோட்டத்தில் எல்லோருக்கும் அவரைத் தெரியும். வாசலில் பிள்ளைகளுக்குப் புளிப்பு மிட்டாய் கொடுப்பவர்.

அன்றே முழுநாள் ஊரடங்குச் சட்டம் போட்டுவிட்டார்கள். வேலை கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது. காலையில் கொஞ்ச நேரம் தண்ணீர் பிடிக்க விடுவார்கள். மற்ற நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருக்க வேண்டும். வெளியே தலை காட்டினால் சுடுவார்கள் என்று ஒலிபெருக்கியில் மலாயிலும் தமிழிலும் சொல்லிக்கொண்டு போனார்கள். லயத்துச் சந்துகளில் பூட்ஸ் சத்தம் மட்டும் கேட்டது. ஒவ்வொரு பூட்ஸ் சத்தத்துக்கும் கோமளா சுருண்டு சுருண்டு பாயோடு ஒட்டிப்போனாள். தண்ணீரைத் தவிர எதுவும் உள்ளே இறங்கவில்லை.

ஊரடங்கு தொடங்கிச் சில நாட்கள் ஆகியிருந்தன. தகரக் கூரை கொதிக்கும் ஒரு மதியம். எங்கேயோ கீழே, மெதுவாக ஒரு சத்தம் கேட்டது. டக், டக், டடக். குச்சியோடு குச்சி மோதும் சத்தம். சற்று நேரத்தில் டின் சத்தமும் சேர்ந்துகொண்டது.

கோமளா தலையைத் தூக்கினாள்.

“சாந்திதாம்பா,” என்றாள். “எனக்குத்தான் அடிக்கிறா.”

எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் முழுதாகப் பேசியது அதுதான். மருதமுத்து பதில் சொல்வதற்குள் அவள் எழுந்து அடுப்படிக்குப் போய் இரண்டு விறகுக் குச்சிகளை எடுத்துவந்தாள். சுவரோரம் உட்கார்ந்து பதில் தாளம் அடித்தாள். கீழ் லயத்துச் சத்தம் ஒரு கணம் நின்று, பிறகு இன்னும் வேகமாக வந்தது. பக்கத்து வீட்டில் யாரோ ஒரு பிள்ளை கரண்டியால் தட்டத் தொடங்கியது. எதிர் வீட்டிலும் கேட்டது. நின்றுபோன வட்டம் அடைத்த கதவுகளுக்குள்ளேயே திரும்பக் கூடிவிட்டது. மேல் லயம் அடித்தால் கீழ் லயம் பதில் சொல்லியது.

நிறுத்து என்று சொல்ல மருதமுத்து வாயைத் திறந்தார். மீனம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். கோமளாவின் கன்னத்தில் சிவப்பு ஏறியிருந்தது. அம்மா உருட்டிக் கொடுத்த சோற்றை, தாளத்தை விடாமலேயே வாயில் வாங்கிக்கொண்டாள்.

அப்போதுதான் பூட்ஸ் சத்தம் ஓடுவது போலக் கேட்டது. மலாயில் ஒரு அதட்டல். தாளமெல்லாம் ஒரே நேரத்தில் நின்றுபோயிற்று. மருதமுத்து பலகை இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தார்.

கார்ப்பரலும் துப்பாக்கி ஏந்திய சிலரும் மாயாண்டி வீட்டு முன்னால் நின்றார்கள். சின்னத்தம்பியை வெளியே இழுத்து முட்டி போடவைத்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்கள். மண்ணெண்ணெய் டின் மண்ணில் உருண்டு கிடந்தது. வீட்டுக்கு வீடு தட்டிக் காட்டுக்காரனுக்குச் சைகை கொடுக்கிறான் என்பது அவர்கள் சந்தேகம். கூட்டாளியைப் பறிகொடுத்த கோபமும் அவர்களுக்கு இருந்தது. மாயாண்டி கும்பிட்ட கையோடு தமிழில் அழுதுகொண்டிருந்தார். பதறிய நேரத்தில் அவருக்கு மலாய் வரவில்லை. சடக்கில் லோரி தயாராக நின்றது.

அந்த லோரியில் ஏறினவன் எந்த ஊர்க் கொட்டடிக்குப் போவான், எப்போது திரும்புவான் என்று யாருக்கும் தெரியாது. முன்பு இப்படிப் போன ஒருவனைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை.

மருதமுத்து கதவுக்குப் பின்னால் நின்றார். ஊரடங்கு நேரம். வெளியே போனால் முதலில் சுட்டுவிட்டுத்தான் பிறகு கேள்வி கேட்பார்கள். கீழ் லயத்துப் பையன் விஷயத்தில் அவர் வாயைத் திறக்கவில்லை என்று நாளைக்கு யாரும் குறை சொல்லப் போவதில்லை. கமிட்டியில் கூட ஒருவர் கேட்கமாட்டார்.

“அப்பா,” என்று முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது. “அண்ணன எங்க கூட்டிட்டுப் போறாங்க?”

அண்ணன் என்றாள். அவள் யாரையும் அப்படிக் கூப்பிட்டு அவர் கேட்டதில்லை. அவளுக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது.

மருதமுத்து கதவைத் திறந்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு படியிறங்கினார். ஒரு துப்பாக்கி அவர் பக்கம் திரும்பியது. தான் மண்டோர் என்பதை மலாயில் உரக்கச் சொன்னார். கார்ப்பரலுக்கு அவரைத் தெரியும். கிட்டே வரச்சொல்லிக் கையைக் காட்டினார். அது சைகை இல்லை, பிள்ளைகள் ஆடுகிற ஆட்டத்தின் தாளம் என்று மருதமுத்து எடுத்துச் சொன்னார்.

அது உனக்கு எப்படித் தெரியும், இந்தப் பையனுக்காக நீ ஏன் பேசுகிறாய் என்று கார்ப்பரல் கேட்டார்.

லயத்துக் கதவிடுக்குகளில் எல்லாம் கண்கள் இருந்தன என்பது அவருக்குத் தெரியும். எல்லோருக்கும் கேட்கும்படியே மலாயிலும் தமிழிலும் சொன்னார்.

“அனாக் சாயா பூன் மாயின், துவான். எம் மகளும்தான் அடிச்சா. அவ ஜோடி இந்த வீட்டுப் பிள்ளைதான்.”

கார்ப்பரல் நம்பியும் நம்பாமலும் பார்த்தார். அப்படியானால் உன் மகளைக் கூப்பிடு, ஆடிக் காட்டட்டும் என்றார்.

மருதமுத்து வீட்டுப் பக்கம் திரும்பினார். காக்கியைக் கண்டாலே நடுங்குகிற பிள்ளை. ஆனால் அவர் கூப்பிடுவதற்கு முன்பே கோமளா படியில் நின்றாள். கையில் விறகுக் குச்சிகள். துப்பாக்கிகளைத் தாண்டி, மண்ணைப் பார்த்தபடி நடந்து வந்தாள். மாயாண்டி வீட்டிலிருந்து சாந்தி வந்தாள். சின்னத்தம்பியின் கட்டை அவிழ்த்து டின்னைக் கையில் கொடுத்தார்கள். அவன் போட்ட முதல் தாளம் தப்பியது. கோமளாவின் முதல் அடியும் தப்பியது.

“என்னையப் பாரு கோமு,” என்றாள் சாந்தி.

கோமளா நிமிர்ந்து பார்த்தாள். அதன் பிறகு அடி தப்பவில்லை. குனிந்து ஒன்று, நிமிர்ந்து ஒன்று, திரும்பி முதுகுக்குப் பின்னால் ஒன்று. கொளுத்தும் வெயிலில், இரண்டு லயத்துக்கும் நடுவில் இருந்த வெறும் மண்ணில், ஆயுதம் தாங்கிய ஆட்களின் நடுவே இரண்டு பெண்பிள்ளைகள் ஆடினார்கள். ஒரு வருடமாகப் பூட்ஸ் சத்தத்துக்குப் பயந்து பாயில் சுருண்டவள், இப்போது பூட்ஸ் இருந்த பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை. மருதமுத்துவுக்கு வெட்கமாக இருந்தது. மகளைப் பார்த்தல்ல, தன்னை நினைத்து.

ஆட்டம் முடிந்தபோது கார்ப்பரல் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மஸ்ஜித் தானா என்ற ஊரில் தனக்கும் இதே வயதில் ஒரு மகள் இருப்பதாகச் சொன்னார். ஊரடங்கு நேரத்தில் இனிமேல் எந்தச் சத்தமும் கூடாது என்று எச்சரித்துவிட்டு, சின்னத்தம்பியை வீட்டுக்குள் போகச்சொன்னார். லோரி வெறுமனே திரும்பிப் போயிற்று.

ஊரடங்கு தளர்ந்த அன்று சாயங்காலம் மாயாண்டி மேல் லயத்துக்கு வந்தார். படியேறாமல் வாசலிலேயே நின்றார். மருதமுத்து எழுந்து வந்து, “வாங்க, உள்ள வந்து உட்காருங்க,” என்றார். மாயாண்டி தயங்கி உள்ளே வந்து பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தார். மீனம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள். காப்பியைத் தொடாமலேயே மாயாண்டி பேசினார்.

“எம்மவனுக்காக உசிரக் கையில புடிச்சிக்கிட்டு வந்தீங்க ஐயா. அத நான் சாகற வரைக்கும் மறக்கமாட்டேன். ஆனா ஒன்னு சொல்லணும். அன்னிக்கு உங்க புள்ளைய நீங்க இழுத்துக்கிட்டுப் போனப்ப, சாந்தி வீட்டுக்கு வந்து கேட்டா, ‘எங் கையில என்னாப்பா அழுக்கு இருக்கு’ன்னு. நல்லா சவுக்காரம் போட்டுக் கழுவுன்னு சொன்னேன். வேற என்னா சொல்றதுன்னு எனக்குத் தெரியல.”

மறுநாள் மதியம் மருதமுத்துவே கோமளாவை ஆயாக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். எல்லாப் பிள்ளைகளும் பார்க்கக் கமலவேணியிடம், தான் செய்தது தப்பு என்றார். சாந்தியின் தலையில் கையை வைத்தார். அந்தப் பெண் முதலில் கொஞ்சம் பின்வாங்கினாள். பிறகு நின்றாள்.

அந்த மாதக் கமிட்டிக் கூட்டத்தில், மாரியம்மன் திருவிழாவில் பிள்ளைகளின் கோலாட்டம் கோயில் முற்றத்திலேயே நடக்க வேண்டும் என்று மருதமுத்து பேச்சை எடுத்தார். கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. கமிட்டியில் மூத்தவரான பிச்சைமுத்து எழுந்து, ஆபத்துக்கு உதவியது நல்ல காரியம்தான், அதற்காகக் கீழ் லயத்துப் பிள்ளைகளைக் கோயில் முற்றம் வரைக்கும் கொண்டுவர வேண்டுமா என்று கேட்டார். ஆட்டம் என்ன அவ்வளவு பெரிய விஷயமா, கொட்டகையிலேயே ஆடிக்கொள்ளட்டுமே என்றார்.

மருதமுத்து கோபப்படவில்லை. அவரும் சில வாரங்களுக்கு முன்பு அந்த இடத்தில்தான் நின்றிருந்தார். நிதானமாகவே பேசினார்.

“பெரிய விசயம்தாண்ணே. சீட்டாடிக்கிட்டுத் திரிஞ்ச பயலுவ தாளம் பழகுனது அங்கதான். நடக்க முடியாத பிள்ளைக்கும் அங்க ஒரு எடம் இருந்திச்சு. எம்மவ தேறுனது டானிக்குல இல்ல, மந்திரிச்ச கயித்துல இல்ல. இன்னொரு பிள்ளை மொகத்தப் பாத்து நின்னு ஆடுனதுல தேறுனா. பிள்ளைங்க கூடி ஆட ஒரு எடம் வேணும். எந்தப் பிள்ளை வந்தாலும் வான்னு சொல்ற எடமா அது இருக்கணும். ஒரு பிள்ளைய வேணாம்னு தள்ளுனா எல்லாப் பிள்ளைக்கும்தான் கெடுதல். அவ ஜோடிய நான் தள்ளுனப்ப எம் பிள்ளையத்தான் குழியில தள்ளுனேன். இது எம் மண்டையில ஏற, வீட்டு வாசலுக்குத் துப்பாக்கி வர வேண்டியிருந்திச்சு. உங்களுக்கு அந்த அளவுக்குப் போக வேணாம்.”